நிலவை வைத்துக் கணக்குப் போட்டவர்!

குட்டீஸ், உங்களுக்கு ஒரு கணக்கு. இதைப் போட்டு முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பூமியைக் குறுக்கே பட்டை பட்டையாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையும் பத்து டிகிரி அகலம். மொத்தம் 13 பட்டைகள். ஒவ்வொரு பட்டைக்கும் நான்கு பருவங்கள். காற்றில் உள்ள கரியமில வாயு மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் ஒவ்வொரு பருவத்திலும் எவ்வளவு குளிரும்? ஒன்றரை மடங்கானால் எவ்வளவு சூடேறும்? இரண்டு மடங்கானால்? இரண்டரை மடங்கானால்? மூன்று மடங்கானால்? ஒவ்வொரு விடைக்கும் பின்னால் பக்கம் பக்கமாகப் பெருக்கலும் வகுத்தலும் இருக்கிறது. கால்குலேட்டர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. பேனாவும் காகிதமும்தான் துணை.

தலை சுற்றுகிறதா? ஒருவர் இந்தக் கணக்கைத் தனியாக உட்கார்ந்து போட்டார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆயிற்று. அவர் பெயர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ். மேல் வகுப்புக்குப் போனதும் வேதியியல் பாடத்தில் இவரைச் சந்திப்பீர்கள். அமிலம் என்றால் என்ன, காரம் என்றால் என்ன என்று சொல்லும் அர்ஹீனியஸ் கொள்கை இவருடையதுதான். ஆனால், பூமி சூடாவதற்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்பது பாடப் புத்தகத்தில் அவ்வளவாக வராது. அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ஸ்வீடன் நாட்டில் உப்சாலா என்ற ஊருக்குப் பக்கத்தில் விக் என்ற இடம். அங்கே 1859-ம் ஆண்டு பிப்ரவரி 19-ம் தேதி ஸ்வாந்தே பிறந்தான். அப்பா நில அளவையாளர். வீட்டில் கணக்குப் புத்தகங்கள் எப்போதும் திறந்தே கிடக்கும். மூன்று வயதிலேயே யாரும் சொல்லித் தராமல் எழுத்துக் கூட்டி வாசித்தான். அப்பா எண்களைக் கூட்டுவதைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துப் பார்த்தே கணக்கையும் பிடித்துக்கொண்டான். நாம் பள்ளிக்கூடத்தில் அடம் பிடித்து அழுகிற வயதில் அந்தப் பையன் எண்களோடு விளையாடியிருக்கிறான்!

உப்சாலா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1881-ல் ஸ்டாக்ஹோம் நகருக்குப் போனார். அங்கே ஒரு புதிர் அவரைப் பிடித்துக்கொண்டது. சுத்தமான தண்ணீரில் மின்சாரம் பாய்வது மிகமிகக் கடினம். உலர்ந்த உப்பிலும் பாயாது. ஆனால், உப்பைத் தண்ணீரில் கரைத்துவிட்டால் மின்சாரம் ஓடுகிறது. இரண்டு சோம்பேறிகள் சேர்ந்ததும் சுறுசுறுப்பாகிவிடுவது எப்படி? உப்பு கரையும்போதே மின்னூட்டம் உள்ள துண்டுகளாகப் பிரிந்துவிடுகிறது, அந்தத் துண்டுகள்தான் மின்சாரத்தைச் சுமந்து செல்கின்றன என்ற முடிவுக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார். அந்தத் துண்டுகளைத்தான் நாம் அயனி என்கிறோம்.

அப்போது இதைச் சொல்ல ரொம்பத் துணிச்சல் வேண்டும். சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் படபடவென்று தீப்பிடிக்கும். குளோரின் விஷ வாயு. இரண்டும் தனித்தனியாக உப்புத் தண்ணீரில் மிதக்கின்றன என்றால் யார் நம்புவார்கள்? தன் பேராசிரியர் கிளேவிடம் ஆசையாகப் போய் இந்த எண்ணத்தைச் சொன்னார். கிளேவ் சுவாரசியமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி விடைகொடுத்து அனுப்பிவிட்டார். 1884-ல் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுத்தபோது கிடைத்தது நான்காம் தரம். சபையில் எழுந்து நின்று வாதாடிய பிறகு அதற்கு மூன்றாம் தரம் தந்தார்கள். பாஸ் செய்தாகிவிட்டது. ஆனால், அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு அங்கே ஆசிரியர் வேலைக்குப் போக முடியாது.

அர்ஹீனியஸ் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. ஆய்வேட்டைப் பிரதி எடுத்து வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். ரீகா நகரில் இருந்த ஆஸ்ட்வால்ட் அதைப் படித்துவிட்டு, நேரில் பார்க்க உப்சாலாவுக்கே வந்து இறங்கிவிட்டார்! வந்து தன்னோடு வேலை பார்க்கவும் கூப்பிட்டார். வெளியூர்க்காரர் தேடி வந்ததும்தான் உள்ளூர்க்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். அவசர அவசரமாக உப்சாலாவிலேயே அவருக்கு ஒரு பதவி கொடுத்தார்கள்.

பத்தொன்பது வருஷம் கழித்து, 1903-ல், அதே கருத்துக்காக வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற முதல் ஸ்வீடன்காரர் அவர்தான். அப்போது வேதியியல் நோபல் குழுவின் தலைவர் யார் தெரியுமா? அதே கிளேவ்! இந்த முறை அவர் ஆதரவாகத்தான் இருந்தார்.

சரி, உப்புக் கதையை இங்கே விட்டுவிட்டு அந்தப் பெரிய கணக்குக்கு வருவோம்.

ஸ்வீடன் குளிர்ப் பிரதேசம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அந்த நாடே கனமான பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. அதைப் பனியுகம் என்பார்கள். அந்தப் பனி ஏன் வந்தது, ஏன் போனது? 1890-களில் ஸ்டாக்ஹோம் விஞ்ஞானிகள் கூடும் இடத்தில் எல்லாம் இதே பேச்சுதான். அர்ஹீனியசின் சந்தேகம் காற்றின் மேல் விழுந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் பிறந்த அதே 1859-ம் ஆண்டு லண்டனில் ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானி குழாய்களில் வாயுக்களை அடைத்து, வெப்பத்தை உள்ளே அனுப்பிப் பார்த்தார். நாம் சுவாசிக்கும் காற்றில் பெரும்பகுதியாக உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பத்தைத் தடுக்காமல் வழிவிட்டன. நீராவியும் கரியமில வாயுவும் அப்படி இல்லை. பிடித்து நிறுத்திக்கொண்டன. அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி அதற்கு மூன்று வருஷம் முன்பே, கரியமில வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் மற்றவற்றைவிட அதிகமாகச் சூடாவதைக் கண்டு எழுதியிருந்தார். அப்போது அவரை யாரும் அதிகம் கவனிக்கவில்லை.

இதில் நடப்பது என்ன? சூரிய வெளிச்சம் காற்றைத் தாண்டி வந்து தரையைச் சூடாக்குகிறது. சூடான தரை அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்புகிறது. வரும்போது தடுக்காத கரியமில வாயு, திரும்பிப் போகும்போது தடுக்கிறது. பிடித்த வெப்பத்தில் ஒரு பகுதியைக் கீழேயே திருப்பி அனுப்புகிறது. இந்த ஏற்பாடு மட்டும் இல்லையென்றால் பூமி பனிக்கட்டியாக உறைந்து கிடக்கும். அதனால் கரியமில வாயுவை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். அளவு மாறினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

எவ்வளவு மாறினால் எவ்வளவு ஆகும் என்று தெரிய, காற்று எவ்வளவு வெப்பத்தைப் பிடிக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். வானத்தையே குழாயில் அடைத்து அளக்க முடியுமா? இந்த இடத்தில்தான் நிலா வருகிறது!

அமெரிக்காவில் லாங்லி என்பவர் மிக நுட்பமான ஒரு வெப்பமானியைக் கண்டுபிடித்து, நிலவிலிருந்து வரும் வெப்பத்தை அளந்து வைத்திருந்தார். நிலவு எவ்வளவு சூடு என்று பார்ப்பதுதான் அவர் நோக்கம். அர்ஹீனியஸ் அந்த எண்களில் வேறொன்றைப் பார்த்தார். நிலவு தலைக்கு மேல் இருக்கும்போது அதன் கதிர் குறுகிய தூரமே காற்றில் பயணம் செய்கிறது. அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது சாய்வாக நீண்ட தூரம் காற்றைக் கடந்து வர வேண்டும். வழியில் அதிகக் கரியமில வாயு, அதிக நீராவி. இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம்தானே காற்று பிடித்துக்கொண்ட வெப்பம்? யாரோ வேறு வேலைக்காக எழுதி வைத்த எண்களிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது.

1894-ம் ஆண்டு டிசம்பர் 24. கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள். ஸ்வீடனில் அதுதான் பெரிய கொண்டாட்டம். அன்றைக்கு அர்ஹீனியஸ் கணக்கை ஆரம்பித்தார். காற்று கொஞ்சம் சூடானால் அதில் நீராவி கூடும். நீராவி கூடினால் இன்னும் சூடாகும். பனி உருகினால் தரை கறுத்து இன்னும் கொஞ்சம் வெப்பத்தை வாங்கும். இதையெல்லாம் விட்டுவிடாமல் சேர்த்துக்கொண்டார். அதனால் ஒரு கணக்கு முடிந்தால் அது இன்னொரு கணக்கைக் கிளப்பும். ஆயிரக்கணக்கான கணக்குகள்.

அந்த வருஷம் அவருக்கு நல்ல வருஷமாக இல்லை. அவருடைய மாணவியாக இருந்த சோபியா ருட்பெக்கை 1894-ல்தான் திருமணம் செய்திருந்தார். சோபியாவும் அறிவியல் படித்தவர். ஆனால், இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1895 நவம்பரில் ஓலோஃப் என்ற மகன் பிறந்தான். 1896-ல் இருவரும் சட்டப்படி பிரிந்துவிட்டார்கள். வீடு உடைந்துகொண்டிருந்தபோது மேஜை மேல் கணக்கு வளர்ந்துகொண்டிருந்தது. துக்கத்தை மறக்க எண்களுக்குள் போனாரா, எண்களுக்குள்ளேயே இருந்ததால் துக்கம் வந்ததா? அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

1896 ஏப்ரலில் முடிவு ஆங்கிலத்தில் அச்சானது. கரியமில வாயு பாதி அளவுக்குச் சற்று மேலாகக் குறைந்தால் நான்கைந்து டிகிரி குளிரும். பனியுகம் வர அது போதும். இரண்டு மடங்கானால் ஐந்தாறு டிகிரி சூடாகும். அதோடு, துருவப் பக்கம் அதிகமாகச் சூடேறும், கடலைவிட நிலம் அதிகமாகச் சூடேறும், பகலைவிட இரவிலும் கோடையைவிடக் குளிர்காலத்திலும் மாற்றம் கூடுதலாகத் தெரியும் என்றெல்லாம் சொல்லியிருந்தார். டிகிரி எண்ணிக்கையில் அவர் கொஞ்சம் அதிகம் போட்டுவிட்டார். 2021-ல் உலக விஞ்ஞானிகள் சேர்ந்து சொன்ன கணிப்பு சுமார் 3 டிகிரி. அவரும் 1908-ல் தன் எண்ணை 4 டிகிரியாகக் குறைத்துக்கொண்டார். பேனாவும் நிலவும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு பக்கத்தில் வந்ததே பெரிய விஷயம் இல்லையா?

ஆனால், கரியமில வாயு யாரால் கூடும்? இந்தக் கேள்விக்கு அவருடைய நண்பர் ஹோக்போம் ஒரு துப்புக் கொடுத்தார். அவர் பாறைகளையும் மண்ணையும் ஆராய்பவர். எரிமலையும் கடலும் காற்றுக்கு எவ்வளவு கரியமில வாயு தருகின்றன, எவ்வளவு எடுத்துக்கொள்கின்றன என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவருக்கு, மனிதர்கள் எரிக்கும் நிலக்கரியையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியது. அப்போது உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் நிலக்கரி வெட்டினார்கள். அதை எரித்தால் வரும் கரியமில வாயு, காற்றில் ஏற்கெனவே உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆயிரத்தில் ஒன்றுதானே என்று தோன்றுகிறதா? அவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த வேகத்தில் போனால் பெரிய மாற்றம் வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று நினைத்தார்கள். 1908-ல் பொதுமக்களுக்காக எழுதிய புத்தகத்தில் அர்ஹீனியஸ் அதைச் சில நூற்றாண்டுகள் என்று குறைத்தார். நிலக்கரிச் செலவு அவ்வளவு வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. இன்றைக்கு உலகம் ஆண்டுக்கு 800 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி எரிக்கிறது. பெட்ரோலும் எரிவாயுவும் தனி.

இன்னொரு விஷயம் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். பூமி சூடாவது நல்லது என்று அவர் நினைத்தார்! குளிரில் நடுங்கும் நாட்டில் வாழ்ந்தவர் அல்லவா? கதகதப்பான வானிலையும் நிறைய விளைச்சலும் வரும், பெருகும் மக்களுக்குச் சோறு கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டார். கடல் மட்டம் உயர்வதையும், ஏற்கெனவே வெயிலில் வேகும் நாடுகள் என்ன ஆகும் என்பதையும் அவர் யோசிக்கவில்லை.

சரி, உலகம் அவர் கணக்கை ஏற்றுக்கொண்டதா? இல்லை. 1900-ல் உப்சாலாவைச் சேர்ந்த க்னட் ஆங்ஸ்ட்ராம் ஒரு சோதனை செய்தார். குழாயில் கரியமில வாயுவை நிரப்பி வெப்பத்தை அனுப்பினார். பிறகு வாயுவைக் குறைத்துப் பார்த்தார். பிடிபட்ட வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இருக்கும் வாயுவே பிடிக்க வேண்டியதை எல்லாம் பிடித்துவிடுகிறது, இன்னும் சேர்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று முடிவு கட்டினார். மிச்சம் ஏதாவது இருந்தாலும் கடல் குடித்துவிடும் என்று பலர் சொன்னார்கள். அத்தோடு அர்ஹீனியசின் கணக்கு பெட்டிக்குள் போய்விட்டது.

ஆங்ஸ்ட்ராம் எங்கே தவறினார்? வெப்பம் தரையிலிருந்து ஒரே தாவலில் விண்வெளிக்குப் போவதில்லை. மாடி மாடியாக ஏறுகிறது. ஒவ்வொரு மாடியிலும் காற்று அதைப் பிடித்து மறுபடி விடுகிறது. கடைசியில் மொட்டை மாடியிலிருந்துதான் வெளியே தப்பும். கரியமில வாயு கூடினால் அந்த மொட்டை மாடி இன்னும் உயரத்துக்குப் போய்விடும். அங்கே குளிர் அதிகம். குளிர்ந்த காற்று குறைவான வெப்பத்தையே வெளியே விடும். எனவே, கீழே வெப்பம் தங்கும். குழாய்க்குள் மாடி ஏது? இது புரிய விஞ்ஞானிகளுக்கு ஐம்பது வருஷம் ஆனது.

அர்ஹீனியஸ் குறையே இல்லாத மனிதர் என்று நினைக்க வேண்டாம். தன்னை மூத்தவர்கள் மட்டம் தட்டியதை மறக்காத அவர், தன் அயனிக் கொள்கையை விமர்சித்த ரஷ்ய விஞ்ஞானி மெண்டலீவுக்கு 1906-ல் நோபல் பரிசு கிடைக்காமல் போனதில் பங்கு வகித்தார் என்று அறிவியல் வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். தனிம வரிசை அட்டவணை தந்த அதே மெண்டலீவ்! அவர் மறு வருஷமே இறந்துவிட்டார். மனிதர்களை இனம் பிரித்து உயர்வு தாழ்வு பார்த்த சங்கம் ஒன்றிலும் அர்ஹீனியஸ் பொறுப்பில் இருந்தார். கணக்கில் புலியாக இருந்தவருக்கு இந்த இடங்களில் கண் தெரியவில்லை.

1927-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி அவர் இறந்தார். உப்சாலாவில் அடக்கம் செய்தார்கள். அப்போதும் பூமி சூடாவதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் யாரும் இல்லை.

பெட்டியை மறுபடி திறந்தவர் இங்கிலாந்தில் நீராவி எஞ்சினியராக இருந்த கை காலண்டர். உலகம் முழுவதும் வானிலை நிலையங்களின் பழைய பதிவுகளைத் திரட்டி, பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது, காரணம் நாம் எரிக்கும் எரிபொருள் என்று 1938-ல் சொன்னார். பெரிய வானிலை நிபுணர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். 1957-ல் கடல் நினைத்த அளவுக்கு வேகமாகக் குடிக்காது என்று தெரிந்தது. 1958-ல் சார்லஸ் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவில் மௌனா லோவா எரிமலைச் சரிவில் கரியமில வாயுவை அளக்க ஆரம்பித்தார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு. 2024-ல் அது 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு இருந்தது 280. ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. அர்ஹீனியஸ் அட்டவணையில் இருந்த ஒன்றரை மடங்கு நினைவிருக்கிறதா?

எரிமலை விட்ட வாயுவாக இருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். கேட்டார்கள். நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான ஆண்டு பழசு. அவற்றில் கதிரியக்கக் கார்பன் எப்போதோ தீர்ந்துவிட்டது. காற்றில் அந்தக் கார்பனின் விகிதம் குறைந்துகொண்டே வந்தது 1950-களில் தெரிந்தது. எரிமலை வாயுவிலும் அது கிடையாது. ஆனால், எல்லா எரிமலைகளும் ஓராண்டில் விடுவது, மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சூரியன்தான் காரணமோ என்றும் பார்த்தார்கள். சூரியன் காரணமென்றால் மேல் வளிமண்டலமும் சூடாக வேண்டும். அது குளிர்கிறது.

இப்படி ஒவ்வொரு சந்தேகமாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துத்தான் விஞ்ஞானிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 1988-ல் ஐ.நா.வின் ஆதரவில் பல நாட்டு விஞ்ஞானிகளின் குழு ஒன்று அமைந்தது. 1995-ல் மனிதரின் கை இதில் தெரிகிறது என்று அடக்கமாகச் சொன்ன அந்தக் குழு, 2021-ல் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்று எழுதியது. இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்பவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். அர்ஹீனியஸ் ஒரு ஆள் போட்ட கணக்கை இன்று கம்ப்யூட்டர்கள் போடுகின்றன. அந்தக் கம்ப்யூட்டர் கணக்குக்கு வழிகாட்டிய சுகுரோ மனாபேக்கும், மனிதரால் வந்த மாற்றத்தைப் பிரித்துக் காட்டிய கிளாஸ் ஹாசல்மனுக்கும் 2021-ல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அறிவிப்பு வந்த ஊர் ஸ்டாக்ஹோம்!

பள்ளிக்குப் போகாமல் ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன் உட்கார்ந்த கிரேட்டா துன்பர்க் அக்காவைத் தெரியும் இல்லையா? அவருடைய அப்பா பெயரும் ஸ்வாந்தே. அர்ஹீனியஸ் அந்தக் குடும்பத்துக்குத் தூரத்து உறவு. அவர் நினைவாகத்தான் அந்தப் பெயரை வைத்தார்களாம்.

அந்தக் கணக்கு நடந்த வருஷத்தில் பிறந்தானே, ஓலோஃப்? அவர் வளர்ந்து மண்ணை ஆராயும் வேதியியல் விஞ்ஞானி ஆனார். ஓலோஃபின் மகன் குஸ்தாஃப் கடலை ஆராயப் போனார். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் சேர்ந்து, பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்து, 2019-ல் காலமானார். கீலிங் வேலை பார்த்ததும் அதே நிறுவனத்தில்தான். ஹவாய் மலையிலிருந்து கரியமில வாயுவின் எண்கள் வருஷா வருஷம் அங்கேதான் வந்து சேர்ந்தன.